ஹோஸ்ட் சேர்வர்ல மெமரி காணாமப் போகுதா? லீக் எங்க எண்டு தேடிப் பிடிக்கிற முழு வழிகாட்டி

கொழும்பில நடுத்தர கம்பனிகள்ல இப்ப அநேகமா ஒரே செட்டப்தான். ரெண்டு இல்லாட்டி மூண்டு ஹோஸ்ட் சேர்வர், அதுக்கு மேல பத்துப் பதினைஞ்சு விஎம் (சேர்வருக்குள்ள தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓடுற வேர்ச்சுவல் மெஷின்), எக்கவுண்ட்ஸ் சிஸ்டம், ஃபைல் சேர்வர், எச்ஆர், விரல் வைக்கிற மெஷினுக்கு ஒண்டு, டெஸ்ட்டுக்கு எண்டு போட்டு ஆரும் அழிக்காம விட்ட நாலஞ்சு. 2023 நவம்பர்ல விஎம் ஓட்டுற சொஃப்ட்வெயார் செய்யிற விஎம்வெயாரை ப்ரோட்கொம் வாங்கி அடுத்த மாசமே நிரந்தர லைசன்ஸ் விக்கிறதை நிப்பாட்டின பிறகு நிறையப் பேர் அதே வேலையை லினக்ஸ்ல செய்யிற ப்ரொக்ஸ்மொக்ஸுக்கு வந்திட்டாங்க, அதால இந்த வழிகாட்டியில பெரும்பங்கு லினக்ஸ் கேவிஎம் (லினக்ஸுக்குள்ளயே விஎம் ஓட்டுற பகுதி) ஹோஸ்டைப் பத்தித்தான், மைக்ரோசொஃப்டின்ட ஹைப்பர்-வி வச்சிருக்கிறவங்களுக்குக் கடைசிப் பக்கம் தனியா எழுதியிருக்கு, விஎம்வெயாரின்ட ஈஎஸ்எக்ஸ்ஐக்கும் கொஞ்சம்.

முறைப்பாடு எப்பவும் ஒண்டுதான். "அண்ணா, போட்ட புதுசில மெமரி 60 வீதம் இருந்தது, கிழமைக்குக் கிழமை ஏறி இப்ப 95, நேத்து இரவு எக்கவுண்ட்ஸ் விஎம் தானா ஓஃப் ஆகிட்டு, ரீபூட் பண்ணினா சரி." ரீபூட் பண்ணினா சரிதான், ஆனா மூண்டு கிழமையால திரும்ப அதே கோல் வரும். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன காலத்தில யூபிஎஸ் தாங்காம சேர்வர் எல்லாம் அடிக்கடி விழுந்து எழும்பினதால மெதுவாக் கசியுற லீக் (எடுத்த மெமரியைத் திருப்பிக் குடுக்காம விடுற பிழை) எதுவும் தலை காட்ட நேரமே கிடைக்கேல்ல. இப்ப அப்டைம் நூறு நாளைத் தாண்டுது, அதோட இதுகளும் வெளியில வருது.

யூனிட்டி பிளாசாவுக்கு ஓடி இன்னும் ரெண்டு ஸ்டிக் ரெம் வாங்கிப் போடுறது ஒரு தீர்வு இல்ல. உண்மையிலேயே லீக் எண்டா நீங்க போடுற 64 ஜிபியையும் அது குடிக்கும், நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். லீக் இல்லாட்டி அந்தக் காசே தேவையில்லாத செலவு. ரெண்டில எது எண்டு தெரிய ஒரே வழிதான் இருக்கு, மொத்த மெமரியை எடுத்து யார் யார் எவ்வளவு வச்சிருக்கிறாங்க எண்டு வரி வரியா எழுதிக் கூட்டிப் பாக்கிறது. புறக்கோட்டையில கடை பூட்டுற நேரம் கல்லாக் காசையும் பில்லையும் வச்சுச் சரி பாக்கிற மாதிரிதான், எந்த வரியில இடிக்குதோ அங்கதான் தேடணும். கீழ இருக்கிற படிகள் எல்லாம் இந்தக் கணக்கைச் சுத்தித்தான்.

படி 1: ரீபூட் பண்ண முதல் ஆதாரம் எடுங்க

மெமரி 90க்கு மேல ஏறி நிக்கிற நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற நல்ல நேரம், ஏனெண்டா திருடன் வீட்டுக்குள்ளயே நிக்கிறான். மேனேஜர் பின்னால நிண்டு "கெதியா ரீபூட் பண்ணுங்க" எண்டு சொன்னாலும் பத்து நிமிஷம் கேளுங்க. அந்தப் பத்து நிமிஷத்தில எடுக்க வேண்டியது: ப்ராக் டிரெக்டரிக்குள்ள இருக்கிற மெம்இன்ஃபோ, ஸ்லாப்இன்ஃபோ, விஎம்ஸ்டாட் மூண்டையும் (லினக்ஸின்ட அடிப்படையான கேர்னல் தன்ட மெமரி கணக்கைக் காட்டுற ஃபைல்கள்) அப்படியே கொப்பி, பிஎஸ் கமாண்ட்ல ஆர்எஸ்எஸ் (ஒரு ப்ரொசெஸ் ரெம்மில பிடிச்சிருக்கிற அளவு) படி பெரிசில இருந்து சின்னனா அடுக்கின ப்ரொசெஸ் லிஸ்ட், டிமெசேஜ் (கேர்னலின்ட லொக்) முழுசா நேரத்தோட, கேர்னல் வேர்ஷன், லோட் ஆகியிருக்கிற மொடியூல் லிஸ்ட், ஒவ்வொரு விஎம்முக்கும் எவ்வளவு மெமரி குடுத்திருக்கு எண்ட விபரம், ஸெட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருந்தா அதின்ட ரெம் கேஷான ஏஆர்சியின்ட ஸ்டாட்ஸ் ஃபைல். இதை வேற மெஷினுக்குக் கொப்பி பண்ணிடுங்க. டெவ் கீழ இருக்கிற எஸ்எச்எம்முக்குள்ள சேவ் பண்ணாதீங்க, அது ரெம்மிலதான் இருக்கு, ரீபூட்டோட போயிடும்.

ஏற்கனவே விழுந்து எழும்பிட்டுது எண்டா ஜேர்னல்சிடிஎல்ல போன பூட்டின்ட கேர்னல் லொக்கை எடுங்க, மைனஸ் கே, மைனஸ் பி, பிறகு மைனஸ் 1. அதில அவுட் ஒஃப் மெமரி எண்டு தேடினா ஓஓஎம் கில்லர் (மெமரி முடிஞ்சா ஏதாவது ப்ரொசெஸ்ஸைக் கொல்லுற கேர்னல் பகுதி) எந்த ப்ரொசெஸ்ஸைக் கொண்டது எண்டு இருக்கும், கொல்ல முதல் கேர்னல் எழுதி வச்ச மெமரி அறிக்கையும் அதுக்கு மேலயே இருக்கும். அந்த அறிக்கையை நிறையப் பேர் பாக்காமலே தாண்டிப் போறாங்க. செத்தது கேவிஎம் ப்ரொசெஸ் (ஹோஸ்ட்ல ஒரு விஎம் ஒரு ப்ரொசெஸ்ஸாத்தான் ஓடும்) எண்ட உடனே அந்த விஎம்தான் குற்றவாளி எண்டு முடிவெடுக்க வேண்டாம், ஓஓஎம் கில்லர் பொதுவா ஆகப் பெரிய ப்ரொசெஸ்ஸைத்தான் பிடிச்சுக் கொல்லும், ஹோஸ்ட்ல ஆகப் பெரிசு எப்பவும் ஒரு விஎம்தான். கசிஞ்சது எங்கயோ, செத்தது எக்கவுண்ட்ஸ்.

அடுத்தது, ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி, நேரம் வச்சு வேலை ஓட்டுற க்ரொன்ல பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஓட விடுங்க. நேரம், மெம்இன்ஃபோ, ஆர்எஸ்எஸ்ல முதல் இருபது ப்ரொசெஸ், கேர்னலின்ட சொந்த மெமரியான ஸ்லாப்ல முதல் இருபது, அவ்வளவும் ஒரு ஃபைல்ல சேரட்டும். சேர்வர் பாவனையைப் பதியுற சிஸ்ஸ்டாட் பெக்கேஜ் போட்டாலும் நல்லம், ஆனா டெபியன்ல அதைப் போட்ட உடனே தானா டேட்டா சேக்கும் எண்டு நினைக்காதீங்க, அதின்ட செட்டிங் ஃபைல்ல எனேபிள் பண்ணியிருக்கா எண்டு ஒருக்காப் பாருங்க. ஒரு கிழமை டேட்டா இல்லாம லீக் எண்டு கதைக்கிறதில பிரயோசனம் இல்ல.

படி 2: ஏற்றத்தின்ட வடிவத்தைப் பாருங்க

வேகமா ஏறி ஒரு இடத்தில போய் அப்படியே நிண்டா அது அநேகமா கேஷ், லீக் இல்ல. ஒவ்வொரு நாளும் இரவு ரெண்டு மணிக்குப் படி மாதிரி ஒரு ஏத்தம் ஏறி இறங்காம நிக்குது எண்டா பெக்கப் ஜொப்பைப் பிடிங்க. வேலை நாள்ல மட்டும் ஏறி சனி, ஞாயிறு, போயா நாள்ல சமனா இருந்தா லோட்டோட சம்பந்தம் இருக்கு, நெட்வேர்க் ட்ரஃபிக் இல்லாட்டி யூசர் செஷன் ஏதோ ஒண்டு. லோட் இருந்தாலும் இல்லாட்டியும் ஒரே நேர்கோட்டில ஏறுது எண்டா டைமர்ல ஓடுற ஏதோ ஒண்டு, மொனிட்டரிங் ஏஜன்ட்டை முதல் ஆளா சந்தேகப்படுங்க. போயா லீவு மாசத்துக்கு ஒருக்கா இலவசமா கிடைக்கிற பரிசோதனை, ஒஃபிஸ் வெறுமையா இருக்கிற அந்த ஒரு நாள்ல கோடு எப்படிப் போகுது எண்டதை வச்சே பாதி சந்தேகம் தீர்ந்திடும்.

படி 3: லீக் மாதிரித் தெரியுற, ஆனா லீக் இல்லாததுகள்

இதில கொஞ்சம் நிண்டு கதைக்கணும், ஏனெண்டா "லீக்" எண்டு வாற கேஸ்ல பெரும்பாலானது இங்கயே முடிஞ்சிடும்.

ஃப்ரீ கமாண்ட் அடிச்சா வாறதில ஃப்ரீ எண்ட கொலத்தைப் பாத்துப் பயப்பட வேண்டாம், லினக்ஸ் சும்மா கிடக்கிற ரெம் எல்லாத்தையும் கேஷுக்கு எடுக்கும், தேவைப்பட்டாத் திருப்பிக் குடுக்கும். பாக்க வேண்டியது அவைலபிள் கொலம், இது 2014ல கேர்னல் 3.14ல இருந்து மெம்இன்ஃபோவிலயே இருக்கு. இதுக்கும் ஒரு ஓட்டை இருக்கு, அதுதான் ஸெட்எஃப்எஸ்.

ஸெட்எஃப்எஸ்ஸின்ட ஏஆர்சி கேஷ், லினக்ஸின்ட சாதாரண பேஜ் கேஷ் கணக்குக்குள்ள வராது. ஃப்ரீ கமாண்ட்ல அது யூஸ்ட் எண்டுதான் காட்டும், அவைலபிள்லயும் சேராது. லினக்ஸ்ல நீண்ட காலமா இதின்ட டிஃபோல்ட் உச்ச அளவு மொத்த ரெம்மில பாதி, அதாவது 128 ஜிபி சேர்வர்ல 64 ஜிபியை கேஷே எடுத்திடும். ப்ரொக்ஸ்மொக்ஸ் 8.1ல இருந்து புதுசா இன்ஸ்டோல் பண்ணேக்க இன்ஸ்டோலரே இதை ரெம்மில 10 வீதம், ஆகக்கூட 16 ஜிபி எண்டு மட்டுப்படுத்துது, ஆனா பழசில இருந்து அப்கிரேட் பண்ணிக்கொண்டு வந்த ஹோஸ்ட்ல பழைய பாதிக் கணக்குத்தான் இன்னும் இருக்கும். ஏஆர்சிஸ்டாட் இல்லாட்டி ஏஆர்சி சமரி கமாண்ட் அடிச்சு இப்ப எவ்வளவு, உச்சம் எவ்வளவு எண்டு பாருங்க. குறைக்கணும் எண்டா ஸெட்எஃப்எஸ் ஏஆர்சி மெக்ஸ் எண்ட பராமீட்டரை மொட்ப்ரோப் கொன்ஃபிக்ல பைட் கணக்கில போடணும், 8 ஜிபிக்கு 8589934592. ரூட் பார்ட்டிஷனே ஸெட்எஃப்எஸ் எண்டா பூட் ஆகேக்க முதல்ல லோட் ஆகிற இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் அப்டேட் பண்ணணும், இல்லாட்டி ரீபூட்டுக்குப் பிறகு போட்டது ஒண்டும் வேலை செய்யாது. சும்மா கண்ணை மூடிக்கொண்டு 1 ஜிபிக்குக் குறைச்சும் விடாதீங்க, டிஸ்க் வேகம் விழுந்து பிறகு அதுக்கொரு முறைப்பாடு வரும்.

விண்டோஸ் கெஸ்ட், அதாவது விஎம்முக்குள்ள ஓடுற விண்டோஸ், இன்னொண்டு. விண்டோஸ் பூட் ஆகேக்க குடுத்த மெமரி முழுக்கத் தொட்டு சைபர் எழுதும், அதால உள்ளுக்க 3 ஜிபிதான் பாவிக்குது எண்டாலும் ஹோஸ்ட்டுக்கு அந்த விஎம் 16 ஜிபி முழுசா எடுத்ததாத்தான் தெரியும். லினக்ஸ் கெஸ்ட் அப்படி இல்ல, மெல்ல மெல்லத்தான் எடுக்கும், ஆனா எடுத்ததை பலூன் டிரைவர் (கெஸ்ட்ல இருந்து மெமரியை ஹோஸ்ட்டுக்குத் திருப்பி வாங்குற டிரைவர்) இல்லாம திருப்பிக் குடுக்காது, அதால புது லினக்ஸ் விஎம் ஒண்டு ரெண்டு கிழமையா வளந்துகொண்டு போறது கெஸ்டின்ட கேஷ் நிரம்புறதால. குடுத்த அளவைத் தொட்ட உடனே நிண்டிடும். எல்லா விஎம்முக்கும் குடுத்திருக்கிறதைக் கூட்டினா ஹோஸ்ட் ரெம்மை விடக் கூட வருது எண்டா உங்களுக்கு லீக் இல்ல, நீங்க இல்லாத மெமரியைப் பங்கு போட்டுக் குடுத்திருக்கிறீங்க. இந்தக் கூட்டலை முதல்ல செய்யுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

பிறகு ஹியூஜ்பேஜ் (பெரிய பெரிய துண்டா முன்கூட்டியே ஒதுக்கிற மெமரி), ஆரோ முந்தி ஒதுக்கி வச்சிட்டுப் போயிருப்பாங்க, பாவிச்சாலும் பாவிக்காட்டியும் அது யூஸ்ட்தான், எந்த ப்ரொசெஸ்ஸின்ட ஆர்எஸ்எஸ்லயும் வராது. அடுத்தது டெம்ப்எஃப்எஸ் (ரெம்முக்குள்ளயே இருக்கிற ஃபைல் சிஸ்டம்), ரன், டெவ் எஸ்எச்எம் மாதிரி இடங்கள்ல ஏதாவது ஸ்க்ரிப்ட் லொக் எழுதிக் குவிச்சா அது ரெம்மைத்தான் தின்னும், மெம்இன்ஃபோவில எஸ்எச்மெம் வரியில தெரியும், டிஎஃப் அடிச்சா எந்த இடம் எண்டு வரும். ஃபைலை அழிச்சும் இடம் குறையேல்ல எண்டா ஏதோ ஒரு ப்ரொசெஸ் அதைத் திறந்து வச்சிருக்கு, எல்எஸ்ஓஎஃப்ல டிலீட்டட் எண்டு தேடுங்க. கேஎஸ்எம் எண்டது ஒரே மாதிரிப் பேஜை (மெமரியின்ட சின்னத் துண்டு) ஒண்டா ஆக்கி மெமரி மிச்சம் பிடிக்கிற வேலை, ஒரே விண்டோஸ் டெம்ப்ளேட்ல இருந்து வந்த பத்து விஎம்ல விண்டோஸ் அப்டேட் போட்ட உடனே அந்தப் பேஜ் எல்லாம் வேற வேறயாப் பிரிஞ்சு ஹோஸ்ட் மெமரி திடீரெண்டு ஏறும், மைக்ரோசொஃப்ட் அப்டேட் விடுற மாசத்தின்ட ரெண்டாவது செவ்வாய்க்குப் பிறகு ஏறினா இதை நினையுங்க.

ப்ரொக்ஸ்மொக்ஸ் 9க்குப் போனவங்க இன்னொண்டும் கவனிங்க. அதில விஎம் ஒண்டின்ட மெமரி கணக்கில விஎம்மை ஓட்டுற க்யூஎமு ப்ரொக்ராமின்ட சொந்தச் செலவையும் சேத்துக் காட்டுறதால அப்கிரேட் பண்ணின அடுத்த நாளே எல்லாம் கூடின மாதிரித் தெரியும், சில விஎம் 100 வீதத்தைத் தாண்டியும் காட்டும். மெமரி கூடேல்ல, எண்ணுற விதம்தான் மாறினது.

படி 4: கணக்கைக் கூட்டுங்க

மேல இருக்கிறது எல்லாம் இல்லை எண்டு ஆனா, மெம்இன்ஃபோவைத் திறந்து வச்சுக்கொண்டு எழுதத் தொடங்குங்க. எல்லாம் கிலோபைட்ல இருக்கும், ஜிபிக்கு மாத்திக்கொள்ளுங்க. மெம்டோட்டல்ல இருந்து மெம்ஃப்ரீயைக் கழிச்சா பாவனையில இருக்கிற மொத்தம் வரும். அதுக்குள்ள அனொன்பேஜஸ் (ப்ரொசெஸ்கள் தங்களுக்கு எடுத்த மெமரி), கேஷ்ட், பஃபர்ஸ், ஸ்லாப், பேஜ்டேபிள்ஸ், கேர்னல்ஸ்டாக், பெர்சிபியூ, ஹியூஜ்டிஎல்பி இவ்வளவையும் கூட்டுங்க, ஏஆர்சி அளவையும் சேருங்க.

உதாரணத்துக்கு ஒரு 128 ஜிபி ஹோஸ்ட், மெம்டோட்டல் 125, மெம்ஃப்ரீ 4, பாவனை 121. அனொன்பேஜஸ் 70, கேஷ்டும் பஃபர்ஸும் சேர்த்து 6, ஸ்லாப் 5, சின்னச் சின்னது எல்லாம் சேர்த்து 1, ஏஆர்சி 12. மொத்தம் 94. 121ல 94 போனா 27 ஜிபி, ஆர்ட பேர்லயும் இல்லாம நிக்குது. இதுதான் விளையாட்டு.

ரெண்டு தரம் கூட்டாம இருக்க சில விஷயம். அனொன்ஹியூஜ்பேஜஸ் அனொன்பேஜஸுக்குள்ளயே இருக்கு, தனியா கூட்ட வேண்டாம். எஸ்எச்மெம் கேஷ்டுக்குள்ள இருக்கு. ஏஆர்சியில ஒரு பங்கு ஸ்லாப்லயும் எண்ணப்படும், அதால கணக்கு ஒண்டு ரெண்டு ஜிபி இடிச்சாப் பரவாயில்ல. விஎம் மெமரி பொதுவா அனொன்பேஜஸ்லதான் வரும், ஆனா வேர்ட்ஐஓஎஃப்எஸ் (ஹோஸ்ட் ஃபோல்டரை விஎம்மோட பகிர்ற வழி) பாவிக்கிற விஎம்கள் ஷேர்ட் மெமரியில ஓடுறதால எஸ்எச்மெம்ல வரும், ஹியூஜ்பேஜ் போட்ட விஎம் ஹியூஜ்டிஎல்பியில. எல்லா ப்ரொசெஸ்ஸின்டயும் ஆர்எஸ்எஸ்ஸைக் கூட்டி இந்தக் கணக்கைச் செய்ய வெளிக்கிடாதீங்க, ஷேர்ட் பேஜ் எல்லாம் ஒவ்வொரு ப்ரொசெஸ்லயும் திரும்பத் திரும்ப எண்ணப்பட்டு, கேஎஸ்எம் ஓடினா இன்னும் மோசமாகி, மொத்த ரெம்மை விடக் கூட வரும். ப்ரொசெஸ் வாரியா வேணும் எண்டா எஸ்மெம் கமாண்ட்ல பிஎஸ்எஸ் கொலத்தைப் பாருங்க, அது ஷேர்ட் பேஜைப் பங்கு பிரிச்சு எண்ணும்.

ஒரு தரம் கூட்டினதில பெரிசா ஒண்டும் தெரியாது, எந்தப் புது ஹோஸ்ட்லயும் கொஞ்சம் கணக்கில வராம நெட்வேர்க் கார்ட் பஃபர், அது இது எண்டு நிக்கும். இண்டைக்கு ஒருக்கா, நாலு நாளால ஒருக்கா கூட்டி எந்த வரி வளந்திருக்கு எண்டு பாருங்க. அனொன்பேஜஸ் வளந்தா படி 5, ஸ்லாப் வளந்தா படி 6, ஆர்ட பேர்லயும் இல்லாத மிச்சம் வளந்தா படி 7.

படி 5: ப்ரொசெஸ் குடிக்குது எண்டா

இது சுகமான கேஸ். க்ரொன் ஸ்க்ரிப்ட்ல சேத்த லிஸ்ட்ல எது ஏறிக்கொண்டு போகுது எண்டு பாத்தாலே தெரியும். விஎம் இல்லாத ப்ரொசெஸ் எண்டா, அதாவது மொனிட்டரிங் ஏஜன்ட், பெக்கப் ஏஜன்ட், எண்டிவைரஸ், வெண்டர் தந்த ரெய்ட் கார்ட் மேனேஜ்மென்ட் சொஃப்ட்வெயார் இப்படி ஒண்டு, அதை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. மெமரி இறங்கினா ஆள் அவர்தான். ஹோஸ்ட்ல தேவையில்லாத ஏஜன்ட் ஓடுறதை நான் எப்பவும் எதிர்ப்பன், ஹோஸ்ட் விஎம் ஓட்டத்தான் இருக்கு, மிச்சத்தை விஎம்முக்குள்ள போடுங்க. உடனே தூக்க ஏலாது எண்டா சிஸ்டம்டி யூனிட்ல மெமரிமெக்ஸ் எண்டு ஒரு எல்லை போடுங்க, எல்லை தாண்டினா அது மட்டும் சாகும், விஎம் தப்பும்.

க்யூஎமு ப்ரொசெஸ்ஸே வளருது எண்டா, குடுத்த மெமரியோட ஒப்பிடுங்க. 16 ஜிபி விஎம்முக்கு 16 ஜிபியும் மேல சில நூறு எம்பியும் எடுக்கிறது வழமை. செஃப் (பல சேர்வர்ல பிரிச்சு வைக்கிற ஸ்டோரேஜ்) டிஸ்க் எண்டா கேஷுக்கு இன்னும் கொஞ்சம் போகும். 16 ஜிபி விஎம் 22 ஜிபி எடுத்து இன்னும் ஏறுது எண்டா அது பிழை. இங்க ஒரு நல்ல வழி இருக்கு, க்ளஸ்டர் (ஒண்டாச் சேத்த பல ஹோஸ்ட், ஒவ்வொண்டும் ஒரு நோட்) இருந்தா அந்த விஎம்மை லைவ் மைக்ரேட் பண்ணுங்க, அதாவது ஓடிக்கொண்டிருக்கேக்கயே வேற நோட்டுக்கு நகர்த்துங்க. அடுத்த நோட்ல புது க்யூஎமு ப்ரொசெஸ் தொடங்குறதால கெஸ்டின்ட மெமரி மட்டும்தான் போகும், பழைய ப்ரொசெஸ் சேத்து வச்ச குப்பை அங்கயே ப்ரொசெஸ்ஸோட செத்திடும், யூசருக்கு ஒண்டும் தெரியாது. தற்காலிக மருந்தும் இதுதான், பரிசோதனையும் இதுதான், ஏனெண்டா போன இடத்திலயும் வளந்தா அந்த விஎம்மின்ட கொன்ஃபிக்லதான் காரணம், வளராட்டி பழைய நோட்ல இருக்கிற க்யூஎமு வேர்ஷனைப் பாருங்க. கவனம், பெக்கேஜ் அப்டேட் பண்ணினாலும் ஓடிக்கொண்டிருக்கிற விஎம் பழைய பைனரியிலதான் ஓடும், உள்ளுக்க இருந்து ரீஸ்டார்ட் குடுத்தாலும் அதே ப்ரொசெஸ்தான், முழுசா ஓஃப் பண்ணி ஓன் பண்ணணும் இல்லாட்டி மைக்ரேட் பண்ணணும்.

இன்னும் ஆழமாப் பாக்க பிசிசி டூல்ஸ்ல மெம்லீக் எண்டு ஒண்டு இருக்கு, டெபியன்ல பேருக்குப் பின்னால பிபிஎஃப்சிசி எண்டு வரும். ப்ரொசெஸ் நம்பரைக் குடுத்து ஓட விட்டா எடுத்துத் திருப்பிக் குடுக்காத மெமரியை எந்த ஃபங்ஷன் எடுத்தது எண்டு ஸ்டாக்கோட காட்டும். டிபக் சிம்பல் பெக்கேஜ் போடாட்டி வெறும் நம்பராத்தான் வரும். இதே மாதிரி லீக் தேடுற வால்க்ரைண்டை ப்ரொடக்ஷன் விஎம்ல போட நினைக்கவே வேண்டாம், நகராது.

படி 6: ஸ்லாப் வளந்தா

ஸ்லாப் எண்டது கேர்னல் தன்ட சொந்தச் சாமானுக்கு எடுக்கிறது. மெம்இன்ஃபோவில ரெண்டாப் பிரிச்சிருக்கும், எஸ்ரீக்ளெய்மபிள் திருப்பி எடுக்கக்கூடியது, எஸ்அன்ரீக்ளெய்ம் எடுக்க ஏலாதது. முதலாவது ஏறினா அநேகமா டென்ட்ரி, ஐநோட் கேஷ் (ஃபைல்களின்ட பேர், விபரம் வைக்கிற கேஷ்), கோடிக்கணக்கான சின்ன ஃபைல் இருக்கிற இடத்தில பெக்கப் ஒருக்கா நடந்து போனா இப்படி வீங்கும். டிரொப்கேஷஸ் ஃபைலுக்குள்ள 2 எண்டு எழுதினா விட்டிடும். இரவில செய்யுங்க, பகல்ல செய்தா டிஸ்க் கொஞ்ச நேரம் திணறும். இதை க்ரொன்ல போட்டு ஒவ்வொரு மணித்தியாலமும் ஓட விடுறவங்களும் இருக்கிறாங்க, அது வைத்தியம் இல்ல, கேஷை அழிச்சு அழிச்சு ஹோஸ்ட்டை மெதுவாக்கிற வேலை.

எஸ்அன்ரீக்ளெய்ம் ஏறினா விஷயம் பாரதூரம். ஸ்லாப்டொப்பை கேஷ் அளவின்படி அடுக்கிப் பாத்து எந்தப் பேர் மேல நிக்குது எண்டு குறிச்சுக்கொள்ளுங்க. கேமலொக்குக்கு (கேர்னல் பொதுவா மெமரி எடுக்கிற வழி) பின்னால 64, 256, 4கே எண்டு ஒரு அளவுதான் தெரியுது எண்டா ஆர் எடுத்தது எண்டு அதில இருந்து சொல்ல ஏலாது. கேர்னல் ஒரே அளவு கேஷுகளை ஒண்டாச் சேத்து ஒரு பேர்ல காட்டுறதும் வழமை, பூட் வரியில ஸ்லாப்நோமேர்ஜ் போட்டா பிரிஞ்சு தெரியும். கண்டெய்னர் ஓட்டுறவங்க எண்டா சிக்ரூப்ஸ் (ப்ரொசெஸ்களைக் கூட்டமாப் பிரிச்சு எல்லை போடுறது) பக்கமும் பாருங்க. சிஸ், எஃப்எஸ், சிக்ரூப் கீழ இருக்கிற சிக்ரூப் ஸ்டாட் ஃபைல்ல சாகிற பிள்ளைகள் எண்டு ஒரு எண்ணிக்கை இருக்கும், அது ஆயிரக்கணக்கில ஏறிக்கொண்டே போகுது எண்டா அழிச்ச சிக்ரூப் எல்லாம் மெமரியைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது எண்டு அர்த்தம்.

கேமெம்லீக் எண்டு கேர்னலுக்குள்ளயே லீக் தேடுற ஒண்டு இருக்கு, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பண்ணும், ஆனா அதைச் சேத்துக் கட்டின கேர்னல் வேணும், வேகமும் குறையும். டெஸ்ட் நோட்ல மட்டும்.

படி 7: ஆர்ட பேர்லயும் இல்லாத மெமரி

அந்த 27 ஜிபி. ப்ரொசெஸ்லயும் இல்ல, ஸ்லாப்லயும் இல்ல. கேர்னலுக்குள்ள இருக்கிற ஏதோ ஒரு டிரைவர் நேரா பேஜ் பேஜா எடுத்து வச்சிருக்கு, அப்படி எடுத்தா மெம்இன்ஃபோவில எந்த வரியிலயும் வராது. நெட்வேர்க் கார்ட் டிரைவர், ஸ்டோரேஜ் டிரைவர், ஜிபியூ டிரைவர் இந்த மூண்டு பேரும்தான் முதல் சந்தேகம், அதிலயும் கேர்னலோட வராம வெளியில இருந்து தனியாக் கொம்பைல் பண்ணிப் போட்ட டிரைவர் இருந்தா அதுதான் முதலாவது.

கேர்னல் 6.10க்குப் பிறகு இந்த வேலை நல்லா சுகமாகிட்டு. மெமரி அலொகேஷன் ப்ரொஃபைலிங் எண்டது சேத்துக் கட்டியிருந்தா ப்ராக்குக்குள்ள அலொக்இன்ஃபோ எண்டு ஒரு ஃபைல் வரும், அதில கேர்னல் கோட்ல எந்த ஃபைல்ல எத்தனையாவது வரி எவ்வளவு பைட் வச்சிருக்கு எண்டு அப்படியே எழுதியிருக்கும். பைட் அளவில அடுக்கி முதல் முப்பது வரியை இண்டைக்கும் நாளைக்கும் ஒப்பிட்டாப் போதும். உங்க கேர்னல்ல இருக்கா எண்டு பூட் டிரெக்டரியில இருக்கிற கொன்ஃபிக் ஃபைலைத் தேடிப் பாருங்க. பழைய கேர்னல் எண்டா பேஜ் ஓனர் (எந்தப் பேஜை ஆர் எடுத்தது எண்டு பதியுறது), பூட் வரியில பேஜ் ஓனர் ஓன் எண்டு குடுத்து ரீபூட் பண்ணணும், பிறகு டிபக்எஃப்எஸ்ல இருந்து பெரிய ஃபைல் ஒண்டு எடுத்து கேர்னல் சோர்ஸோட வாற பேஜ் ஓனர் சோர்ட் டூலால சுருக்கணும். அதுக்கும் கொஞ்ச மெமரி செலவாகும், பரவாயில்ல.

இது ஒண்டும் ஏலாது எண்டா கையால பிரிச்சுப் பாக்கிறதுதான் மிச்சம். முதல்ல பழைய கேர்னலை பின் பண்ணி (அதுவே எப்பவும் பூட் ஆகிற மாதிரி வச்சு) அதில பூட் பண்ணி ஒரு கிழமை விடுங்க. லீக் இல்லாட்டி ரெண்டு வேர்ஷனுக்கு இடையில வந்த பிழை. இருந்தா ஒரு நேரத்தில ஒண்டை மாத்துங்க, ஜம்போ ஃப்ரேமை எடுத்து எம்டியூவை 1500க்குக் கொண்டு வாறது, ஒஃப்லோட் ஓஃப் பண்ணுறது, என்எஃப்எஸ் மவுண்டை எடுக்கிறது, இப்படி. ரெண்டை ஒண்டா மாத்தினா எது காரணம் எண்டு பிறகு தெரியாது.

ஹைப்பர்-வி வச்சிருக்கிறவங்களுக்கு

டாஸ்க் மேனேஜர்ல ப்ரொசெஸ் எல்லாத்தையும் கூட்டினா 6 ஜிபி, மேல 110 ஜிபி பாவனை எண்டு காட்டுது, லீக் எண்டு பயந்து கோல் எடுக்கிறவங்க நிறைய. விஎம்முக்குக் குடுத்த மெமரி எந்த ப்ரொசெஸ்லயும் தெரியாது. மைக்ரோசொஃப்டின்ட சிஸ்இன்டேர்னல்ஸ் டூல்கள்ல இருந்து ரெம்மெப் எடுத்து ஓட்டுங்க, டிரைவர் லொக்ட் எண்ட வரியில இருக்கிறதுதான் விஎம் மெமரி. பவர்ஷெல்ல கெட்-விஎம் அடிச்சு அசைன்ட் எல்லாத்தையும் கூட்டினா அதோட கிட்டத்தட்டச் சரி வரணும். மெட்டாஃபைல் வரி பெரிசா இருந்தா ஃபைல் சிஸ்டம் கேஷ், ஆர்இஎஃப்எஸ் வொல்யூம்ல பெக்கப் வச்சிருக்கிற இடத்தில இது வழமையா வீங்கும்.

நொன்பேஜ்ட் பூல் (டிஸ்க்குக்குப் போகாம ரெம்மிலயே நிக்கிற கேர்னல் மெமரி) வளந்தா டிரைவர் லீக். டிரைவர் கிட்டோட வாற பூல்மொன் எடுத்து ஓட்டுங்க, பி எண்டு ரெண்டு எழுத்து இருக்கு, குழம்ப வேண்டாம், பைட்ஸுக்கான பி (b) அடிச்சா பைட் அளவில அடுக்கும், பேஜ்டுக்கான பி (p) அடிச்சா பேஜ்ட், நொன்பேஜ்ட் எண்டு மாத்தும். மேல நிக்கிற நாலெழுத்து டெக்கை (மெமரி எடுத்த டிரைவரின்ட அடையாளம்) எடுத்து சிஸ்டம்32 டிரைவர்ஸ் டிரெக்டரியில ஃபைண்ட்ஸ்டரால எந்த சிஸ் ஃபைல்ல அந்த நாலெழுத்து இருக்கு எண்டு தேடினா ஆள் பிடிபடும். எண்டிவைரஸ் ஃபில்டர் டிரைவரும் நெட்வேர்க் டீமிங்கும் இங்க அடிக்கடி வாற ஆக்கள். பெர்ஃப்மொன்ல பிரைவேட் பைட்ஸோட ஹேண்டில் கவுண்டையும் சேத்துப் போடுங்க, ஒரு ப்ரொசெஸ் ஹேண்டிலை மூடாம ஒரு லட்சம் தாண்டினா மெமரியும் அதோடதான் போகுது.

ஈஎஸ்எக்ஸ்ஐல கன்ஸ்யூம்ட் எண்ட நம்பரைப் பாத்துப் பயப்படாதீங்க, அது உச்சத்தில நிக்கிறது வழமை. ஈஎஸ்எக்ஸ்டொப்ல எம் அடிச்சு மேல வாற ஸ்டேட் ஹை இல்லாட்டி க்ளியர் எண்டு இருந்தா நெருக்கடி இல்ல. சொஃப்ட், ஹார்ட் எண்டு போனா பலூன், ஸ்வொப் கொலங்களைப் பாருங்க. ஹோஸ்ட்டி (ஈஎஸ்எக்ஸ்ஐயை நிர்வகிக்கிற ப்ரொசெஸ்) வீங்கினா மேனேஜ்மென்ட் ஏஜன்ட்டை ரீஸ்டார்ட் பண்ணலாம், விஎம் விழாது.

படி 8: பிடிச்ச பிறகும், பிடிக்கும் வரைக்கும்

காரணம் தெரிய நாள் எடுக்கும், அது வரைக்கும் ஒஃபிஸ் ஓடணும். முக்கியமான விஎம்மின்ட ஓஓஎம் ஸ்கோர் எட்ஜஸ்ட்டைக் குறைச்சு விடுங்க, அப்பத்தான் டெஸ்ட் விஎம் முதல் சாகும், எக்கவுண்ட்ஸ் தப்பும். ஸ்வொப் கொஞ்சம் வச்சிருங்க, ஆனா ஸெட்எஃப்எஸ் வொல்யூமுக்கு மேல வைக்க வேண்டாம், மெமரி நெருக்கடி வாற நேரம் ஹோஸ்ட்டே உறைஞ்சு போக இடமிருக்கு. எலர்ட்டை யூஸ்ட் வீதத்துக்குப் போடாம ப்ராக் ப்ரெஷர் கீழ இருக்கிற மெமரி ஃபைலுக்குப் போடுங்க, கேர்னல் 4.20ல இருந்து இருக்கு, மெமரிக்காக ப்ரொசெஸ் எவ்வளவு நேரம் காத்து நிக்குது எண்டு சொல்லும், அதுதான் உண்மையான கஷ்டம். எலர்ட் அவைலபிள்லயும் ஒண்டு இருக்கட்டும். ரீபூட் தேவை எண்டா விழுந்து எழும்ப விடாம போயா நாளா பாத்து நீங்களே திட்டம் போட்டு, க்ளஸ்டர் எண்டா நோட் நோடா விஎம்மை நகர்த்திச் செய்யுங்க.

கேர்னல் பிழை எண்டா மேல அனுப்பத்தான் வேணும், நீங்க அனுப்பாட்டி ஆரும் திருத்தப் போறதில்ல. அனுப்பேக்க கேர்னல் வேர்ஷன், டிரைவர் வேர்ஷன், கார்ட் ஃபேர்ம்வெயார், நேரம் போட்ட ரெண்டு மெம்இன்ஃபோ, இடையில எவ்வளவு நாள், ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை எம்பி வளருது, எந்த வேர்ஷன்ல இல்ல எண்டது எல்லாம் வைங்க. "மெமரி கூடுது, உதவி செய்யுங்க" எண்டு ஸ்க்ரீன்ஷொட் ஒண்டு போட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. கம்பனி ஐபி, ஹோஸ்ட் பேர், கஸ்டமர் பேர் எல்லாம் லொக்ல இருந்து எடுத்திட்டு அனுப்புங்க.

திருத்தம் போட்ட பிறகு உடனே முடிஞ்சுது எண்டு எழுதாதீங்க. முந்தி விழ மூண்டு கிழமை எடுத்தது எண்டா ஆறு கிழமை க்ரொன் ஸ்க்ரிப்ட்டை ஓட விட்டு அந்த ஒரு வரியை மட்டும் பாருங்க. சமனாப் போனா, பூட் வரியில போட்ட பேஜ் ஓனர், ஸ்லாப்நோமேர்ஜ் ரெண்டையும் எடுத்து, பின் பண்ணின கேர்னலை விடுவிச்சு, என்ன மாத்தினது எண்டு அடுத்த ஆளுக்கு விளங்கிற மாதிரி சேர்வர் டொக்கியூமென்ட்ல திகதியோட எழுதி வைங்க.